சும்மா இருக்கற நேரத்துல போட்டது தானே?

எங்க வீட்டம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் மிச்சம் மீதி உல்லன் நூல்ல குரோஷா ஊசி வச்சு சதுரம் சதுரமா போட்டு, இணைச்சு விரிப்பு செய்யறாங்க. கிரானி ஸ்கொயர்னு பேரு. பாட்டிக் கட்டம்னு நான் சொல்றது. நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் மும்மூன்று பின்னலாகக் கொத்துகள். மூலையில் மட்டும் ஒரே இடத்தில் ரெண்டு கொத்து. அதனாலதான் வட்டமா ஆரம்பிச்சது சதுரமா விரியுது.

பட்டணத்துக்காரங்க விலையைக் கேட்டதும், "மெஷின்ல போட்டது மலிவா கிடைக்குமே" என்கிறார்கள். கிடைக்காதுங்க. நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, திருப்பூர் முழுக்க ஓடுது. அசல் குரோஷா இன்னைக்கும் கைவேலைதான். கடையில் மலிவா தொங்கறதும் யாரோ ஒருத்தி போட்டது. அவளுக்கு என்ன கூலி போயிருக்கும்?

அடுத்தது, "சும்மா இருக்கற நேரத்துல போடறது தானே". கட்டத்துக்கு 20 நிமிஷம்னு வையுங்க. 120 கட்டத்துக்கு 40 மணி நேரம். இணைக்கிறது தனி. ஆந்திராவில் நரசாபுரம் குரோஷா லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகமே போட்டார். சரக்கு வெளிநாட்டுக்குப் போகுது, செய்தவங்க கணக்கில் வெறும் இல்லத்தரசி. கூலியும் அதுக்கேத்த மாதிரிதான். நெல்லுக்குச் செலவு எழுதும்போது வீட்டாள் கூலியை விட்டுடற ஆளுங்க நாங்க, எங்களுக்கா இது புரியாது?

முழு விரிப்பு கட்டுபடியாகலைன்னா ஒரே ஒரு கட்டம் வாங்கி காபி டம்ளருக்கு அடியில வச்சுக்கோங்க. அதுக்கும் பேரம் பேசாதீங்க.