எச்சம் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாக்கனியா?

"தமிழ்வழியில் படித்தால் ஆங்கிலம் வராது" என்னும் பேச்சு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் தேவிகுளம், பீர்மேடு வரை கேரள எல்லைத் தமிழரிடையே வேரூன்றிவிட்டது. இதை நம்பியே பெற்றோர் பலர் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கு மாற்றுகின்றனர். மொழியியல் அடிப்படையற்ற இக்கூற்றை, ஆங்கில இலக்கணத்தில் மாணவர் மிகவும் அஞ்சும் பகுதியையே சான்றாகக் கொண்டு மறுக்கிறேன்.

அப்பகுதி 'நான்-ஃபைனைட்' வினைகள். இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிபிள் என்று மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய வினையியலும் பின்னர் நன்னூலும் முற்று, எச்சம் என வினையைப் பகுத்தபோதே இதன் அடிப்படை நமக்குக் கிடைத்துவிட்டது. 'வந்தேன்', 'வந்தாள்' என்பன இடமும் எண்ணும் பாலும் உணர்த்தி வாக்கியத்தை முடிக்கும். 'வந்து', 'வர' என்பன அவற்றை உணர்த்தா. வேறொரு வினையை எதிர்நோக்கி நிற்கும். ஆங்கிலத்தில் 'ஷி கோஸ்' முற்று. 'டு கோ', 'கோயிங்' முற்று அல்ல.

'என்ஜாய் டு ரீட்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "படிக்க ரசிக்கிறேன் என்று சொல்வாயா?" சொல்லமாட்டாள். 'படிக்க விரும்புகிறேன்', ஆனால் 'படிப்பதை ரசிக்கிறேன்'. முன்னது 'வாண்ட் டு ரீட்'. தொழிற்பெயர் வரும் பின்னது 'என்ஜாய் ரீடிங்'.

இன்னொன்று. 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்பது பிழை, நடந்தது மழையன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்பது நம் இலக்கண விதி. 'பள்ளிக்கு நடந்து மழை தொடங்கியது' என்றால் தமிழ்ப் பிள்ளையின் செவியே மறுக்கும். விதி அவளிடம் இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் வழிகாட்டத்தான் ஆளில்லை.

எல்லாம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. 'வந்த', 'வருகின்ற' எனப் பெயரெச்சம் காலம் காட்டும். ஆங்கிலப் பார்ட்டிசிபிள் அவ்வாறு தனித்துக் காலம் காட்டாது. 'வந்த பையன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'தி பாய் ஹூ கேம்' என்று தனி வாக்கியக் கூறே வேண்டும். பொருந்துமிடத்தைக் காட்டினால்தான் பொருந்தாத இடமும் விளங்கும்.

ஆசிரியர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதும் தடையன்று. ஏ. ஆர். ராஜராஜவர்மாவின் 'கேரளபாணினீயம்' (1896) முற்றுவினையையும் பேரெச்சம், வினையெச்சம் என்பவற்றையும் விளக்குகிறது. மலையாள வினைமுற்று இன்று 'ஞான்', 'அவள்' எதற்கும் விகுதி மாறுவதில்லை. தமிழ் முற்றோ விகுதியால் தன்னை அடையாளம் காட்டுகிறது. ஆகவே முற்றையும் எச்சத்தையும் பிரித்தறிய நம் பிள்ளைக்கு ஒரு சான்று கூடுதல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்' என்று தம் இலக்கணச் சொல்லால் விளங்கிக்கொண்டனர். அவர்கள் தம் மொழியிலிருந்து தமிழுக்குப் பாலம் கட்டியது அறிவு. நம் பிள்ளை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கட்டினால் மட்டும் குறைபாடா?

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. அந்த வசதி கட்டடத்தோடும் பாடநூலோடும் முடியக்கூடாது. தமிழ்வழி வகுப்புக்குரிய ஆங்கில ஆசிரியர் கையேட்டில் எச்சத்துக்கு ஓர் ஒப்பீட்டு இயல் வேண்டும். அதுவரை, ஆங்கிலம் வராமைக்குத் தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். கற்பிக்கும் முறையை ஏற்றுங்கள்.