ஊரும் ஊர்தியும்

“வீடுதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன குறை?” என்று கேட்பார் உளர். நெய்வேலிச் சுரங்கத்திற்காகத் தம் ஊரைவிட்டு எழுந்த மக்களைப் பற்றிப் பேச்செழும்பொழுதெல்லாம், அலுவலக இருக்கையினின்றும் படித்தவர் வீட்டுத் திண்ணையினின்றும் ஒரே குரலாய் வெளிப்படும் கேள்வி இஃது. கேட்பவர் கொடியவர் அல்லர். வீடென்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் என்று எண்ணிவிட்டவர், அவ்வளவே.

உழவன் குடியிருந்தது சுவர்களுக்கு உள்ளேயா? அவன் வாயிலிலிருந்து கழனி ஒரு கூப்பிடு தொலைவு. சந்தை ஒரு காலைநடை. பள்ளி, பிள்ளை தனியே ஓடிப்போய் ஓடிவரும் வழி. இடுகாடு, நால்வர் தோள் களைக்காமல் சுமந்துசெல்லும் வழி. இத்தொலைவுகள் யாவும் சேர்ந்ததே ஊர். அவ்வூரை வேரோடு பிடுங்கி வேறோரிடத்தில் நடுங்கால், சுவரை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுத் தொலைவைக் கணக்கில் விட்டுவிட்டால், கொடுக்கப்பெற்றது கொட்டகையே அன்றி வீடாகாது. தமிழில் ஊர் என்னும் பெயரும் ஊர்தல் என்னும் வினையும் ஒலியால் ஒன்று. வேராலும் ஒன்றா என்பதைச் சொல்லாய்வறிஞர்க்கு விட்டுவிடுவோம். ஆனால் ஊரையும் ஊர்தியையும் ஒருசேர எண்ண வேண்டும் என்னும் அறிவு, ஆளும் துறைகளுக்கு இன்னும் வந்தபாடில்லை.

பண்ருட்டியிலிருந்து கடாம்புலியூர் வழியாக நெய்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் போகின்றவர்கள், இருமருங்கும் செம்மண்ணையும் முந்திரித் தோப்பையும் பலாமரங்களையும் பார்த்துக்கொண்டே போவர். 1935-இல் நெய்வேலி நிலக்கிழார் சம்புலிங்கனார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபொழுது, நீரோடு ஒரு கரும்பொருளும் மேலே வந்தது. அதை அவர் அரசினர்க்குக் காட்டினார். பின்னர்த் தம் நிலத்தையும் கொடுத்தார். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல், சோவியத்து நாட்டின் துணையோடு எழுப்பப்பெற்ற அனல்மின் நிலையம் மின்னாற்றலை ஈனத் தொடங்கியது. இன்று தென்னாட்டின் பல வீடுகளில் எரியும் விளக்குக்கு இம்மண்ணே திரி. (அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து ‘நெய்வேலி’ என்னும் சொல்லே 2016-இல் எடுக்கப்பெற்று, எஞ்சியது ஓர் ஆங்கில எழுத்துச் சுருக்கம். ஊரை எடுத்தவர்கள் ஊர்ப்பெயரையும் எடுத்துக்கொண்டனர் என்று அப்பொழுது இவ்வட்டாரத்தார் நொந்துகொண்டதில் பிழையொன்றுமில்லை.)

நெய்வேலி நகரியத்தைக் காண்க. நிழல்மரங்கள் வரிசைபட்ட அகன்ற தெருக்கள். எண்ணிட்டு வகுக்கப்பெற்ற வட்டங்கள். பள்ளிகள், பெரிய மருத்துவமனை, அங்காடி, விளையாட்டுத் திடல். ஒரு தொழிலாளி மிதிவண்டியிலேயே தன் வாழ்க்கைத் தேவைகளையெல்லாம் நிறைவேற்றிக்கொள்ளும்படி எண்ணி எண்ணிக் கட்டிய ஊர் அது. அதைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அந்த அறிவு இந்நாட்டில், இம்மாவட்டத்தில், அதே மண்ணின்மேல், எழுபதாண்டுகட்கு முன்பே இருந்தது என்பதற்கு அந்நகரியமே சான்று என்பதுதான் நாம் சொல்ல வருவது. அப்படியாயின், நிலத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தவர்கள் குடியேறிய இடங்களுக்கு அவ்வறிவு ஏன் வரவில்லை? தொடக்கக் காலத்தில் அவர்கள் பெற்றவை சிறு இழப்பீடும் ஒரு மனைத்துண்டும். எஞ்சிய யாவற்றையும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலியின் உள்ளே திட்டமிட்ட நகரியம். வேலியின் வெளியே தானாய் வளர்ந்த தெருக்கள். ஒரே சுரங்கம் ஈன்ற இரட்டைப் பிள்ளைகள் இவை; ஒன்றுக்குத் தொட்டில், மற்றொன்றுக்குத் தரை.

இவ்வட்டாரத்துக் குடியேற்றம் ஒன்றில் யாம் ஓர் அம்மையாரைக் கண்டு பேசினோம். எவ்வூர், எவ்வலுவலகத்தின் பொறுப்பு என்பதெல்லாம் இங்கு வேண்டா. பழைய ஊரில் அவர்க்கு நிலம் இருந்ததில்லை. பிறர் கழனியில் நடவும் களையெடுப்பும் அவர் தொழில். நிலமில்லாதவர்க்கு இழப்பீடு ஏது? கழனி போனதோடு கூலியும் போயிற்று. இப்பொழுது பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகின்றார். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கருகிய விரல்களைக் காட்டினார். ஆனால் அவர் நொந்துகொண்டது விரலைப் பற்றி அன்று, வழியைப் பற்றி. பெருஞ்சாலையில் நகரப் பேருந்து ஓடுகின்றது. 2021 மே முதல் அதில் மகளிர்க்குக் கட்டணமில்லை. குடியேற்றத்திலிருந்து அப்பெருஞ்சாலையை எட்டுவதற்குத்தான் வண்டியில்லை. விடியுமுன் தனியே நடக்க அஞ்சித் தானிக்குக் காசு கொடுத்துப் போகின்றார். அவர் கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகின்றது. “காசில்லாப் பேருந்தில் ஏறக் காசு கொடுத்துப் போகிறேன், ஐயா” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டமிடும் அலுவலர்கள் எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய சிரிப்பு அது.

அவர்க்கு வீடு இல்லையா? உண்டு. அரசு பேருந்து விடவில்லையா? விட்டது. ஒரு துறை வீட்டை எண்ணுகின்றது. மறுதுறை வண்டியை எண்ணுகின்றது. இடையிலுள்ள வழியை எண்ணுவார் ஒருவருமில்லை. 2011 திசம்பர் 30-இல் தானே புயல் இவ்வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துக் கூரைகளைப் பறக்கடித்தபின், கூரைவீட்டைக் கல்வீடாக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். 2024-இல் தமிழக அரசு அறிவித்த கனவு இல்லத் திட்டம், வீடொன்றுக்கு 3,50,000 உருபா வீதம் 2030-க்குள் 8 இலக்கம் வீடுகள் என்று கணக்கிட்டது. 2025-இல் சிற்றுந்துத் திட்டம் விரிவாக்கப்பெற்றது. இரண்டும் நல்லவையே. இரண்டும் ஒரே வரைபடத்தில் வைத்து எண்ணப்பட்டனவா என்பதே நம் வினா.

இவ்விணைப்பு நம் கற்பனை என்று எவரும் தள்ளிவிட முடியாது. 2013-ஆம் ஆண்டின் நடுவண் நிலமெடுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மறுகுடியமர்வு ஊர்களில் இருந்தாக வேண்டிய ஏந்துகளை அது வரிசைப்படுத்துகின்றது: உட்சாலைகள், பெருஞ்சாலையோடு இணைக்கும் எல்லாப் பருவத்துக்குமான சாலை, வடிகால், குடிநீர், நியாயவிலைக் கடை, இடுகாடு, அவற்றோடு, அருகிலுள்ள நகரங்களுக்குச் செல்லும் பொதுப் பேருந்து வழித்தடமும் வேண்டும் என்று அது வெளிப்படையாகவே கூறுகின்றது. அச்சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்வது நிலவுடைமையாளரை மட்டுமன்று. அங்கு மூன்றாண்டு வாழ்ந்து உழைத்த உழவுத் தொழிலாளரையும் குத்தகையாளரையும் அது சேர்த்தே சொல்கின்றது.

ஆனால் தமிழகத்தில் என்ன நடந்தது? தொழில்நோக்க நிலமெடுப்புக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களை, 2014-இல் இயற்றிய ஒரு திருத்தத்தால், நம் சட்டமன்றமே அந்நடுவண் சட்டத்தின் கட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019-இல் சென்னை உயர்நயன்மன்றம் அது செல்லாது என்றது. அவ்வாண்டே சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்சநயன்மன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டு, மறுகுடியமர்வு அட்டவணைகள் பொருந்தும் என்னும் ஏற்பாடு எஞ்சியது. நிலமெடுக்குமுன் ஊர்மக்களைக் கூட்டிவைத்து, ‘உங்கள் வாழ்வில் எதெது குலையும்?’ என்று கேட்கும் தாக்க ஆய்வு போயிற்று. தில்லியின் சட்டத்தில் ஏழைக்கு இருந்த ஒரு காப்பைத் தமிழகச் சட்டமன்றமே கழற்றி வைத்தது என்பதைச் சொல்ல நமக்கு நாணமாகத்தான் இருக்கின்றது. தில்லியைக் கண்டிக்கும் நாம் இதையும் கண்டித்தாக வேண்டும்.

இனிப் பணத்திற்கு வருவோம். 2015-இல் திருத்தப்பெற்ற கனிமச் சட்டத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர்க்கென மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைந்தது. அவ்வாண்டு சனவரி 12-க்கு முன் பெற்ற பழைய உரிமங்களாயின், அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை அதற்கும் செலுத்த வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கு 2012-இல் வகுத்த உரிமத்தொகை, விலையில் 6 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு உருபா மதிப்புள்ள நிலக்கரியை வெட்டியெடுத்தால், பழைய உரிமத்தின்கீழ் மக்கள் அறக்கட்டளைக்கு வருவது ஓர் உருபா எண்பது காசு. இதனோடு, 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, முந்தைய மூன்றாண்டு ஈட்டத்தின் சராசரியில் 2 விழுக்காட்டைக் குமுகாயப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்னும் கடமையும் உண்டு.

இதற்கு ‘நல்கை’ என்று பெயரிட்டு, மேடை போட்டு, நாடாவை வெட்டி, படம் எடுத்துக்கொள்கின்றனர். நல்கை என்பது உள்ளவன் உவந்து கொடுப்பது. ஓர் உருபா எண்பது காசோ, மண்ணுக்குரியவனின் பங்கிலிருந்து அவனுக்கே திரும்பும் சில்லறை. பெற்றுக்கொள்பவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, கணக்குக் கேட்கலாம். இந்தியாவின் பிற மாநிலங்களில் இவ்வறக்கட்டளைப் பணம் கண்டவிடமெல்லாம் திரும்பியதால்தான், மாநிலக் கருவூலத்துக்கு இதை மாற்றலாகாது என்று 2021-இல் நடுவணரசு ஆணையிட நேர்ந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. 2015-இல் வகுத்த நெறிப்படி, குடிநீர், நலவாழ்வு, கல்வி போன்றவற்றுக்கு 60 விழுக்காட்டுக்குக் குறையாமலும், சாலை, பாலம் போன்ற கட்டமைப்புக்கு 40 விழுக்காட்டுக்கு மிகாமலும் செலவிட வேண்டும். 2024-இல் அது 70-க்கு 30 என்றாயிற்று. கட்டமைப்பு என்றதும் ஒப்பந்தக்காரர் நினைவுக்கு வருவது தார்ச்சாலை. சாலை போட்டால் சரக்குந்து வரும். பேருந்து வரும் என்பதற்கு என்ன உறுதி? தாரை வாங்கிய பணத்தில் ஒரு பங்கை, நாளொன்றுக்கு நான்கு நடை ஓடும் சிற்றுந்தின் இழப்பை ஈடுகட்டக் கொடுத்தால் என்ன? வழித்தடமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. பண்ருட்டி, கடாம்புலியூர், இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் ஆகியவற்றை இணைத்துக் குடியேற்றங்களின் உள்ளே புகுந்து வரும் ஒரு சுற்று. பண்ருட்டித் தொடர்வண்டி நிலையம் விழுப்புரம்–கடலூர்த் தடத்தில் உள்ளது. நெய்வேலி நிலையம் கடலூர்–விருத்தாசலம் தடத்தில் உள்ளது. இரண்டையும் நேரே இணைக்கும் இருப்புவழி இல்லையாகலின், ஏழைக்குப் பேருந்தை விட்டால் வேறு வண்டியில்லை.

நெய்வேலியில் மண்ணைக் குடையும் அந்த மாபெருஞ் சக்கரப் பொறிகள் செருமானிய நாட்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பெற்றவை. அந்நாட்டிலும் இரைன் ஆற்றங்கரைப் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பல ஊர்கள் அழிந்தன. 2018-இல் இம்மராத்து என்னும் ஊரின் பெரிய கோவிலே இடிக்கப்பெற்றது. 2023 சனவரியில் இலுட்சராத்தில் போராடியவர்களைக் காவலர் இழுத்துச்சென்றதை உலகமே பார்த்தது. ஆகலின் அவர்களை நாம் ஏற்றிப்போற்றவில்லை. ஆயினும் அங்கே, சிதறடிக்காமல் ஊரை ஊராகவே சேர்த்துப் பெயர்த்து, பழைய பெயரையே புதிய இடத்துக்கும் வைத்து, தெருவமைப்பைக் குடிமக்களோடு பேசித் திட்டமிடும் வழக்கம் உண்டு. பொறியை விலைகொடுத்து வாங்கினோம். அவ்வழக்கம் விலையின்றிக் கிடைத்தும் வாங்கவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2023 சூலையில் வளையமாதேவியில், கதிர் வாங்கும் நிலையிலிருந்த நெல்வயலில் பொறிகள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை நாம் கண்டோம்; பின்னர் உயர்நயன்மன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 உருபா கொடுக்கச் சொன்னது. அவ்வூரும் கரிவெட்டியும் கத்தாழையும் அன்று விடுத்த கேள்விகளுள் விலை பற்றியது ஒன்றே ஒன்று. எங்கே போவோம், எப்படிப் போய்வருவோம், அங்கிருந்து பிள்ளை எப்பள்ளிக்குப் போகும் என்பன மற்றவை. விலையைப் பேச அலுவலர் வந்தனர். மற்றவற்றைப் பேச எத்துறை வரும் என்பது எவர்க்கும் விளங்கவில்லை.

ஆகவே இவ்வட்டாரத்து அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். சனவரி 26, மே 1 முதலிய நாள்களில் ஊரவை கூடும்பொழுது போய் அமருங்கள். கனிம அறக்கட்டளையிலிருந்து கடந்த ஆண்டு உங்கள் ஊராட்சிக்கு வந்ததென்ன, எதற்குச் செலவாயிற்று என்று எழுத்தில், தமிழில், அலுவலகச் சுவரில் ஒட்டும்படி கேளுங்கள். எந்தக் குடியேற்றத்துக்கும் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளன்றே முதற்பேருந்தும் வர வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். நிலமில்லாத் தொழிலாளர் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மனைப்பட்டா அவ்வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். சேரிக்கெனத் தனிமூலை ஒதுக்கிய வரைபடமாயின் அதை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பேருந்து பற்றிய தீர்மானத்தில் ‘தக்க ஏற்பாடு செய்யப்படும்’ என்னும் வழக்கமான தொடரை எழுத விடாதீர்கள். வண்டி புறப்படும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள்: முந்திரி உடைக்கப் போகும் பெண்களுக்கு விடியற்காலை ஐந்தரை மணி.