குடிநோய்ச் சிகிச்சை: தெரிவு யார் கையில்?

2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கு அறிவிப்போடு மதுக்கடைகள் அனைத்தும் ஒரே இரவில் மூடப்பட்டன. சில நாட்களுக்குள் ஐதராபாத் எர்ரகட்டாவிலுள்ள அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு நிரம்பி வழிந்தது. கை நடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, இல்லாதவற்றைக் கண்டு அலறும் பிரமை ஆகியவற்றோடு வந்தவர்களில் அன்றாடக் கூலிகள் பலர். வர வழியின்றி வீட்டிலேயே கிடந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. தற்கொலைச் செய்திகளும் வந்தன. ஆறு வாரங்கள் கழித்து, மே 6 அன்று, தெலங்கானா அரசு தன் பதிலைத் தந்தது: விலையை உயர்த்தி மதுக்கடைகளைத் திறந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று கேரள அரசு பிறப்பித்த ஆணையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் 2 அன்று நிறுத்தி வைத்ததும் அதே நாட்களில்தான்.

அந்த ஆறு வாரங்கள் ஓர் உண்மையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. குடியை விடுவதற்கு உதவி தேவைப்படுவோர் இந்நாட்டில் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்கென்று அரசு வைத்திருக்கும் கதவுகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. எர்ரகட்டாவில் கூடியவர்கள் எந்தச் சிகிச்சை தமக்கு ஏற்றது என்று ஆராய்ந்து அங்கே வரவில்லை. வேறு கதவு இல்லாததால் வந்தார்கள்.

முப்பத்தெட்டில் ஒருவர்

ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியால் விளைந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்களுக்கு ஊரார் தரும் அறிவுரையும், மனைவியின் கண்ணீரும், கோயில் கயிறுமே சிகிச்சை.

கருவூலத்தின் கணக்கு வேறு. தெலங்கானாவில் 2,620 மதுக்கடைகளுக்கான உரிமத்துக்கு 2023இல் விண்ணப்பம் கோரப்பட்டபோது, திருப்பித் தரப்படாத விண்ணப்பக் கட்டணம் 2 லட்சம் ரூபாய். 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2,600 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அதாவது ஒரு பாட்டில்கூட விற்பனையாவதற்கு முன்பே, குலுக்கல் சீட்டுக்கு மட்டும் கடை ஒன்றுக்கு ஒரு கோடி. 2025இல் ஆட்சி மாறியிருந்தது, கொள்கை மாறவில்லை. கட்டணம் 3 லட்சமாயிற்று. 2,800 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை நடத்துவதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. விற்பதற்கு ஒவ்வொரு தெருமுனைக்கும் போகத் தெரிந்த அரசுக்கு, குணப்படுத்துவதற்கு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகத் தெரியாதா?

எந்த வழி சரியான வழி?

குடியை விட விரும்புபவரிடம் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். மருந்துதான் தீர்வு என்பார் ஒருவர். மூன்று மாதம் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்பார் மற்றொருவர். மன உறுதி இருந்தால் போதும் என்பார் இன்னொருவர். தமது வழி மட்டுமே வழி என்ற பிடிவாதம் இவர்கள் எல்லோருக்கும் பொது. அறிவியல் இதற்குச் சான்று தரவில்லை.

முதற்கட்டம் மருத்துவம் சார்ந்தது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாட்களில் நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்து நேரலாம். தக்க மருந்துகளும் தயமின் என்னும் வைட்டமினும் இவற்றைத் தடுக்கும். இவை விலை உயர்ந்த மருந்துகள் அல்ல. வலிப்பு முன்னரே வந்தவர், வேறு நோயுள்ளவர், கவனிக்க ஆளில்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். மற்றவர்களில் பலருக்கு வீட்டிலிருந்தபடியே, மருத்துவர் கண்காணிப்பில் இதைச் செய்யலாம்.

அடுத்தது நீண்ட கட்டம், மீண்டும் குடிக்காதிருப்பது. நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. குடித்தால் உடலைப் புரட்டிப் போடும் டைசல்பிராம் இன்னொரு மருந்து. ரப்பர் தொழிலில் அதே இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருளோடு புழங்கிய தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போவதை 1937இல் ஓர் ஆலை மருத்துவர் பதிவு செய்தார். பின்னர் டென்மார்க்கில் டைசல்பிராம் மருந்தாயிற்று. குடிப்பவருக்குத் தெரியாமல் இதைச் சோற்றில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உள்ளது. இது கொலைக்கு ஒப்பான ஆபத்து. தெரிந்தே சம்மதித்து உட்கொள்பவருக்கு மட்டுமே உரியது.

மருந்தோடு பேச்சும் வேண்டும். கோவாவில் சங்காத் அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வில், மருத்துவப் பட்டம் ஏதுமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளில் உரையாடினர். மூன்று மாதம் கழித்து, அந்த உரையாடல் கிடைத்தவர்களில் 36 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் அபாயக் குடியிலிருந்து மீண்டிருந்தனர். ஓர் ஆஷா ஊழியரின் கல்வித் தகுதியுள்ள எவருக்கும் இந்தப் பயிற்சியைத் தர முடியும்.

குடியிலிருந்து மீண்டோர் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் குழுக்கள் மூன்றாவது வழி. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இவற்றில் பழையது. இதைக் கட்டமைத்த முறையில் அறிமுகப்படுத்தும் சிகிச்சையை 27 ஆய்வுகளின் அடிப்படையில் 2020இல் மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பு, ஓராண்டு முழுவதும் குடிக்காதிருந்தோர் இம்முறையில் 42 விழுக்காடு, பிற உளவியல் முறைகளில் 35 விழுக்காடு என்று கணக்கிட்டது. கட்டணம் ஏதுமில்லை. ஆயினும் இதைப் பயன்படுத்தியும் மீளாதோர் பாதிக்கு மேல் என்பதையும் அதே எண் சொல்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழி இல்லை. ஒன்று பொருந்தாவிடில் மற்றொன்று, ஒன்றோடு மற்றொன்று என்று மாற்றிச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். மீண்டும் குடித்துவிட்டால் அதைச் சிகிச்சையின் தோல்வி என்று கதவடைக்காமல், நோயின் இயல்பென்று திரும்ப வரவேற்கும் இடம் வேண்டும். சர்க்கரை நோயாளியின் சர்க்கரை ஏறிவிட்டால் எந்த மருத்துவரும் அவரை வெளியே தள்ளுவதில்லை.

நம்மிடையே இரண்டு பிழைகள்

இதை வாசிக்கும் தோழர்களில், தம் கிளையில், தொழிற்சங்கத்தில், ஏன் தம் வீட்டில், இப்படி ஒருவரை அறியாதவர் அரிது. கொடியேற்றத்தில் முன்னே நின்றவர் மெல்ல மெல்லக் கூட்டங்களுக்கு வராமல் போகிறார். ஒரு நாள் அவர் பெயர் புதுப்பித்தல் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. 'கட்டுப்பாடு இல்லாதவர்' என்ற ஒரு சொல்லில் கணக்கு முடிக்கப்படுகிறது.

இது முதல் பிழை. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்து 1845இல் எழுதிய நூலில் எங்கெல்ஸ், தொழிலாளரின் குடியைத் தனிமனித ஒழுக்கக்கேடாகக் காண மறுத்து, அவர்கள் வாழ நிர்ப்பந்திக்கப்பட்ட நிலைமையின் விளைவாகக் கண்டார். பன்னிரண்டு மணி நேர உழைப்பும், ஒண்டுக் குடித்தனமும், வேலை நிரந்தரமின்மையும் ஐதராபாத்தின் கட்டுமானத் தளங்களில் இன்றும் அப்படியே உள்ளன. முதலாளியத்தை அமைப்பாகப் பார்க்கும் நாம், குடியை மட்டும் குணமாகப் பார்ப்பது ஏன்? குடித்துவிட்டு மனைவியை அடிப்பவருக்கு இது விலக்கல்ல. வன்முறைக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சையும் பொறுப்பேற்பும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

இரண்டாவது பிழை கொள்கைப் பிடிப்பின் வேடத்தில் வருகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் படிகளில் கடவுள் வருகிறார். ஆகவே நாத்திகத் தோழரை அங்கே அனுப்பலாகாது என்கிறோம். அந்தக் குழுவில் சேர அதன் விதிப்படி தேவையானது ஒன்றே: குடியை நிறுத்தும் விருப்பம். அங்குள்ள மொழி தனக்கு ஒத்துவராதென ஒரு தோழர் கருதினால் அது அவர் உரிமை. கடவுளற்ற வேறு உதவியை அவருக்குத் தேடித் தருவது நம் கடமை. ஒத்துவருகிறதெனப் போனால் அவரைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. நாம் ஒரு மாற்றையும் உருவாக்காமல், இருப்பதையும் மறுப்பது கொள்கைப் பற்றல்ல; கைவிடல்.

மதுவிலக்கு மட்டும் போதுமா?

நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புகளில் எழுந்த சாராய எதிர்ப்பு, 1992இல் ஆந்திரம் முழுதும் பரவியது. ஜன விஞ்ஞான வேதிகைத் தொண்டர்கள் கற்பித்த வகுப்புகளில் எழுத்துக்கூட்டிப் படித்த கிராமத்துப் பெண்கள், துபகுண்டா ரோசம்மா போன்றோர் முன்னிற்க, சாராயக் கடைகளை மூட வைத்தனர். 1993 அக்டோபர் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997இல் சந்திரபாபு நாயுடு அரசு வருவாய் இழப்பைக் காட்டி அதைக் கைவிட்டது. அந்த வீரப் போராட்டம் நம் மரபின் பெருமை. ஆனால், தடை செய்த அரசும் தடையை நீக்கிய அரசும் ஏற்கெனவே அடிமையானவர்களுக்கு ஊர்தோறும் சிகிச்சை அமைக்கவில்லை.

சிகிச்சையின்றி வரும் தடை என்ன செய்யும் என்பதைத் தெலங்கானா பின்னரும் கண்டது. போதை மருந்துகள் கலந்த கள்ளுக்கு எதிராக 2015 செப்டம்பரில் நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, நிஜாமாபாத், மகபூப்நகர் மாவட்டங்களில் கூலித் தொழிலாளர்கள் நடுக்கத்தோடும் பிதற்றலோடும் மருத்துவமனைகளில் குவிந்தனர். 2025 ஜூலையில் ஐதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் மீண்டும் உயிர்களைப் பறித்தது. கலப்படக்காரர்களைத் தண்டியுங்கள், மரமேறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்காதீர்கள், அருந்தியவரை நோயாளியாக நடத்துங்கள். இம்மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

சந்தை தரும் 'தெரிவு'

அரசு விட்டுச் சென்ற வெற்றிடத்தில் தனியார் மறுவாழ்வு மையங்கள் முளைத்துள்ளன. பொறுப்போடு நடப்பவையும் உண்டு. ஆளனுப்பி வீட்டிலிருந்து தூக்கிச் சென்று, மாதக்கணக்கில் பூட்டி, அடித்து 'திருத்தும்' இடங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது அடிமைத்தனத்தையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது; இழிவாக நடத்தப்படாதிருக்கும் உரிமையையும், அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையையும் தந்துள்ளது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று அச்சட்டம் சொல்ல, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ 2019இல் குடிநோய்ச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. சட்டம் தந்ததை ஒழுங்குமுறை பறிக்கிறது. பணமுள்ளவர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறார். இல்லாதவர் கயிறையும் பூட்டையும் பெறுகிறார். சந்தை வழங்கும் தெரிவு இதுதான்.

வேறு வழி சாத்தியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989 முதல் திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தியது. ஊருக்குள்ளேயே மருந்து, ஆலோசனை, குடும்பத்தாருக்கான அமர்வுகள் எல்லாம் குறைந்த செலவில் கிடைத்தன. ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது, கோடிகளில் வசூலிக்கும் அரசால் முடியாதா?

நாம் கோருவதும் செய்வதும்

மது வருவாயில் ஒரு நிலையான பங்கைச் சிகிச்சைக்கென ஒதுக்குவதைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் இன்றியமையா மருந்துகளும் இருக்க வேண்டும். எர்ரகட்டாவுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொடங்கி, நாட்டின் எல்லா இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் குடிநோய்ப் பிரிவு வேண்டும். சிகிச்சை நாட்களுக்கு ஊதிய விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் வேண்டும். காப்பீட்டு விலக்கை நீக்க வேண்டும். பதிவு பெறாத மையங்களை மூடுவதோடு, அங்குள்ளோரை அரசுச் சிகிச்சைக்கு மாற்ற வேண்டும்.

கோரிக்கையோடு நம் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமையில் குடிநோய்ப் பிரிவு நடக்கிறது என்பதை அறிந்து வைத்திருக்கட்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் சங்க அலுவலகச் சுவரில் எழுதப்படட்டும். முதல் நாள் மருத்துவமனைக்குப் போகும் தோழரோடு இன்னொரு தோழர் உடன் செல்லட்டும். மாலையில் கடைப் பக்கம் கால் போகும் நேரத்தில் படிப்பகத்தில் அவருக்கொரு நாற்காலியும் ஒரு வேலையும் இருக்கட்டும். பட்டியலிலிருந்து நீங்கிய பெயர்களை எடுத்து, அவர்கள் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுவோம். வரும் கிளைக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.