இரு கரும்புத் தீவுகள்

ஒரு தேசத்து மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் புகுவோர் வருமானக் கணக்கையும் வைத்தியர் தொகையையும் அடுக்குவது வழக்கம், அவையும் அவசியமே. ஆயினும் மொரிஷியஸையும் பிஜியையும் ஒருங்கே நோக்குவோர்க்கு, குடியிருக்கும் மனையும் அளித்த வாக்கும் நாளையும் நிலைக்கும் என்ற தைரியம் சாமானியப் பிரஜைக்கு உண்டா என்பதே பிரதானமான அளவுகோலாகத் தோன்றும்.

இரண்டும் பிரிட்டிஷார் ஆட்சியில் கரும்பை நம்பி வளர்ந்த தீவுகள். 1834 முதல் மொரிஷியஸுக்கும், 1879 முதல் பிஜிக்கும், தமிழர் உள்ளிட்ட நம் தேசத்து ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். பிஜிக் கரும்புத் தோட்டத்தில் நம் ஸ்திரீகள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம். மொரிஷியஸில் கவர்னராயிருந்து பிஜிக்கு மாறிய ஆர்தர் கார்டன் ஒப்பந்தக் கூலி முறையை அங்கும் புகுத்தியதோடு, பூர்வகுடிகளின் நிலத்தைப் பிறர் விலைக்கு வாங்கலாகாது என்றும் விதித்தார்.

அவ்விதி நியாயமானதே என்பதை மறுப்பதற்கில்லை. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் இன்றும் பூர்வகுடிக் குலங்களுக்கே உரியதாகையால், கையில் காசில்லாத காலத்திலும் அக்குலத்தாருக்குச் சேம்பும் மரவள்ளியும் பயிரிட இடமுண்டு. ஆனால் தலைமுறைகளாக அந்த மண்ணைத் திருத்திய இந்திய வம்சத்தார் குத்தகைக்காரராகவே நின்றமையால், 1997 முதல் முப்பதாண்டுக் குத்தகைகள் முடிவடையத் தொடங்கியபோது, வயலையும் வீட்டையும் விட்டுச் சுவா நகரத்தின் ஓரத்துக் குடிசைகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. பூர்வகுடிகளே இல்லாத மொரிஷியஸிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்தோட்ட முதலாளிகள் விற்ற துண்டு நிலங்களைக் கூலிகளே சேமிப்பைக் கொண்டு வாங்கிச் சொந்தக்காரராயினர்.

அரசியலிலும் இவ்வித்தியாசமே தொடர்ந்தது. 1982 தேர்தலில் மொரிஷியஸ் பெருந்தீவின் அறுபது ஸ்தானங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணி கைப்பற்ற, விடுதலைக்குத் தலைமை தாங்கிய ராம்கூலாம் தம் தொகுதியையும் இழந்து, மறுப்பின்றி ஆட்சியை ஒப்படைத்தார். பிஜியிலோ, 1987 ஏப்ரலில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த பவாத்ராவின் சர்க்காரை, முதல் இந்தியக் கூலிகள் வந்திறங்கிய தினமாகிய மே 14 அன்றே, ரபூகா என்னும் ராணுவ அதிகாரி கவிழ்த்தார். 2000த்திலும் 2006லும் அந்த அவலம் மீண்டும் நேர்ந்தது.

ஒவ்வொரு கவிழ்ப்பின் பின்னும் இந்திய வம்சத்து ஆசிரியரும் வைத்தியரும் கணக்கரும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் புறப்பட்டதால், ஒரு காலத்தில் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதியாயிருந்த இந்தியர் இன்று மூன்றில் ஒரு பங்கு அளவினரே. பிஜியின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கேயுள்ள மொரிஷியஸோ, கரும்பின் ஆதாயத்தோடு ஆடைத் தொழிலையும் உல்லாசப் பிரயாணத்தையும் சேர்த்துக்கொண்டு, இலவச வைத்தியம், இலவசக் கல்வி, முதியோர்க்கெல்லாம் ஓய்வூதியம் ஆகியவற்றை நடத்தி வருகிறது. அங்கே சராசரி ஆயுள் எழுபதைத் தாண்டிற்று. பிஜியில் இன்னும் எட்டவில்லை.

மொரிஷியஸ் குறையற்ற பூமியன்று. நல்ல கரும்பு நிலத்தின் பெரும்பகுதி இன்னும் சில பிரெஞ்சு வம்சக் குடும்பங்களிடமே இருக்கிறது; 1999இல், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் மனக்கசப்பு கலவரமாகவே வெடித்தது. பிஜியும் கதியற்றுப் போய்விடவில்லை: 2022இல் தேர்தல் வழியே ஆட்சி மாறிற்று, பிரதமராகத் திரும்பிய அதே ரபூகா, 1987இன் செயலுக்காக மறுவருஷம் இந்திய வம்சத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

அம்மன்னிப்பு போற்றத்தக்கது, ஆனால் அது சொல்லளவில் நின்றால் பயனில்லை. பூர்வகுடிகளின் உடைமைக்குப் பங்கம் வராமலே குத்தகைக்காரனுக்கும் நீண்டகாலப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தைப் பிஜி இயற்ற வேண்டும். வாக்குச்சீட்டின் தீர்ப்புக்குப் பட்டாளம் என்றென்றும் கட்டுப்பட வேண்டும். அவ்விரண்டும் நிறைவேறும்வரை, வளமான மண் பிஜியினுடையதாயினும், மேலான வாழ்வு மொரிஷியஸினுடையதே.