ஜோடி ஜோடியா மீன் வாங்கினா தொட்டி தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டையில் எந்தக் கலர் மீன் கடை வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும்.

"அண்ணே, நியான் ஒரு ஜோடி. டைகர் ஒரு ஜோடி. அந்த ஏஞ்சல் ஒரு ஜோடி. கோல்டு பிஷ் ரெண்டு போடுங்க, பாப்பா கேக்குது."

கடைக்காரர் வலையை விடுகிறார். பத்து நிமிஷத்தில் நாலு பாலிதீன் பை ரெடி. அப்பா கையில் இரண்டு, பாப்பா கையில் இரண்டு. சந்தோஷமாக பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். பைகளை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கவிழ்க்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு. அதே ஆள், அதே கடை.

"அண்ணே, எல்லாம் போச்சு. ஒரு ஏஞ்சலும் ஒரு டைகரும்தான் மிச்சம். வேற ஜோடி குடுங்க."

கடைக்காரரும் கொடுக்கிறார். அதுவும் சாகிறது. மூன்றாவது மாதம் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். மோட்டார் பரணில் கிடக்கும். "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லே" என்று ஒரு தீர்ப்பு வேறு!

ராசி என்ன செய்யும், பாவம்? கணக்குத்தான் தப்பு.

ஜோடி மோகம்

புறாவுக்கு ஜோடி சரி. லவ் பேர்ட்ஸுக்கு ஜோடி சரி. எல்லா மீனுக்கும் ஜோடிக் கணக்கு சரிப்படாது.

நியான் டெட்ரா, டைகர் பார்ப், ஜீப்ரா டேனியோ இவையெல்லாம் கூட்டமாக வாழப் பிறந்தவை. ஆற்றிலும் ஓடையிலும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து திரிபவை. கூட்டம்தான் அதற்குக் கோட்டை. பெரிய மீன் பாய்ந்து வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டும். அதற்குத்தான் அந்த ஒற்றுமை.

அதில் இரண்டைப் பிரித்துத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? நாள் பூராவும் பயம். மூலையில் ஒதுங்கும். தீனி எடுக்காது. கலர் வெளுக்கும். உடம்பில் தெம்பு குறைந்ததும், எங்கே என்று காத்திருக்கும் நோய் ஏறிக்கொள்ளும்.

டைகர் பார்ப் கதை வேறு மாதிரி. அது ரவுடி. எட்டு, பத்து என்று கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு பொழுதைக் கழிக்கும். இரண்டே இரண்டு இருந்தால் பக்கத்தில் போகிற ஏஞ்சலின் நீள வாலைக் கடித்துக் கந்தலாக்கும். பைட்டர், கப்பி எதுவும் தப்பாது.

ஏஞ்சல் மட்டும் சும்மாவா? குட்டியில் சாது. வளர்ந்து வாய் பெரிதானதும் ராத்திரி ஒரு நியானைக் காணோம், மறுநாள் இன்னொன்றைக் காணோம். வீட்டில் பூனை மேல் பழி விழும்!

கோல்டு பிஷ் இந்தக் கூட்டத்தில் சேரவே சேராது. அது சற்றுக் குளிர்ந்த தண்ணீர் கேட்கும் ஜாதி. தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம். அது போடுகிற அசுத்தத்தில் சின்ன மீன் மூச்சு முட்டும்.

ஆக, ஒரு தொட்டிக்குள் பயந்தாங்கொள்ளி, ரவுடி, விழுங்குகிறவன், அசுத்தம் போடுகிறவன் என நாலு பேரையும் அடைத்துவிட்டு, "ஏன் சண்டை?" என்று கேட்டால் எப்படி?

கழுவிக் கழுவிக் கொல்லும் கொடுமை

மீன் செத்ததும் வீட்டில் நடக்கும் முதல் வேலை என்ன? தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டு, கூழாங்கல்லை வெயிலில் காயவைத்து, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பளிச்சென்று ஆக்குவது. அன்றைக்கே புதுத் தண்ணீர். அன்றைக்கே புது மீன்.

அடுத்த சாவுக்கு அங்கேயே அழைப்பு போய்விட்டது.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். அதை நைட்ரைட் ஆகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட் ஆகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியா, பில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அது பெருகி வர நாலு வாரம் முதல் ஆறு வாரம் ஆகும். சோப்பும் குளோரின் தண்ணீரும் பட்டால் அத்தனையும் போச்சு. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கும்.

பார்வைக்குச் சுத்தம் வேறு, மீனுக்குச் சுத்தம் வேறு. இதைச் சொல்லிக் கொடுக்காமல் தொட்டியை மட்டும் விற்பது, ஸ்டவ் விற்றுவிட்டு மண்ணெண்ணெய் என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதுபோல.

ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமா? தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் லேசாகப் பிழிந்தால் போதும். தண்ணீரை மாற்ற வேண்டுமா? வாரம் கால் பங்கு, அவ்வளவுதான். காவிரிக் குடிநீர் வருகிற வீடுகளில் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும். கடையில் அதற்கென்று விற்கும் சொட்டு மருந்து விட்டால் இன்னும் நிச்சயம்.

சரி, நோய் வந்து மொத்தமும் செத்த தொட்டியாக இருந்தால்? அப்போதும் அவசரம் வேண்டாம். வெள்ளைப் புள்ளி நோயைப் பரப்பும் கிருமிக்கு மீன் உடம்புதான் சோறு. மீனே இல்லாத தொட்டியில் அது பட்டினி கிடந்து சாகும். புதுக்கோட்டை வெயிலுக்கு இரண்டு வாரம் தாங்காது. அந்த இரண்டு வாரமும் மோட்டார் ஓடட்டும். இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டு வந்தால் நல்ல பாக்டீரியாவும் உயிரோடு இருக்கும்.

காலித் தொட்டிக்குத் தீனி போடுவதைப் பார்த்து மாமியார் சிரிக்கத்தான் செய்வார். சிரிக்கட்டும்.

எந்த மீன் தாங்கும்?

நியானின் நீலமும் சிவப்பும் யாரையும் இழுக்கும். 1934-ல் பெரு நாட்டு அமேசான் காட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் கண்டெடுத்த மீன் அது. மரநிழல், சருகு ஊறிய மென்மையான தண்ணீர், மிதமான சூடு, இதுதான் அதன் சொந்த ஊர். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அதை இறக்கிவிட்டு வாழு என்றால் வாழுமா? பழகிய கை, நிழலான அறை, நல்ல தண்ணீர் இருப்பவர்கள் வளர்க்கலாம். முதல் தொட்டிக்காரர் தொட வேண்டிய மீன் அல்ல.

ஜீப்ரா டேனியோவைக் கேட்டால் பல பேர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "கோடு போட்ட பொடி மீன்தானே!"

அந்தப் பொடி மீனின் பெருமை தெரியுமா? அது இந்திய மீன். கங்கைச் சமவெளி ஓடைகளில் திரிவது. 1822-லேயே ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதைப் பற்றி எழுதி வைத்தார். இன்றைக்கு உலகம் பூராவும் ஆராய்ச்சிச் சாலைகளில் அந்த மீன்தான். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணையானவை அதன் உடம்பில் உண்டு என்று 2013-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். சூடோ குளிரோ, மென்தண்ணீரோ கடின நீரோ, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அனுசரித்துப் போகும். விலையும் சல்லிசு. மேல்தட்டில் எட்டு டேனியோ கூட்டமாக ஓடுவதைப் பார்த்தால் மதுரை ரோட்டில் போட்டி பஸ் பார்க்கிற மாதிரி இருக்கும். குதிக்கும் குணம் உண்டு, தொட்டிக்கு மூடி அவசியம்.

சாதுவான கூட்டம் வேண்டுமானால் செர்ரி பார்ப். இலங்கைக் காட்டு ஓடை மீன். தெரணியகல என்ற அந்த நாட்டு நிபுணர் 1929-ல் பெயர் வைத்தது. கடைக்கு வருவது பண்ணையில் வளர்ந்த குஞ்சுகள்தான். ஆண் மீன் சிவந்து நிற்கும் அழகுக்கு நியான் தோற்றுவிடும். ஒரே விஷயம், தொட்டியில் செடி வேண்டும்.

உப்புத் தண்ணீர்தான் கதி என்கிற வீடுகளில் கப்பி, மோலி, பிளாட்டி. இவை வரிசை கட்டி நீந்தாது, ஆனால் சேர்ந்து இருக்கும், அந்தத் தண்ணீரையே விரும்பும். குட்டி போட்டுத் தள்ளிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கலர் ஏற்றிய கண்ணாடி மீனை மட்டும் யாரும் வாங்கக் கூடாது. உள்ளே எலும்பு தெரியும் அந்த மீனும் நம் நாட்டு மீன்தான். அதன் உடம்பில் ஊசி வழியே சாயம் ஏற்றி விற்பது உலகம் எங்கும் நடந்த அக்கிரமம். ஊசி குத்திய மீன் எத்தனை நாள் இருக்கும்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 56 லிட்டர்தான் கொள்ளும். அதில் ஒரே வகையாக எட்டு டேனியோ. அல்லது எட்டு செர்ரி பார்ப். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முதலில் தொட்டி பெரிதாக வேண்டும்.

கடையில் ஐந்து நிமிஷம்

சென்னை கொளத்தூர்தான் கலர் மீனுக்குத் தலைநகரம். அங்கிருந்தோ வேறு ஊர்களிலிருந்தோ ஆக்சிஜன் அடைத்த பைகளில் ராத்திரி பூராவும் குலுங்கி வருகிறது மீன். வந்து இறங்கிய அன்றே அதை வாங்குவது, நெடுந்தூரப் பயணியை ரயிலடியிலேயே மல்யுத்தத்துக்குக் கூப்பிடுவது மாதிரி.

"எப்போ வந்த சரக்கு?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. ஒரு வாரம் கடைத் தொட்டியில் நின்ற மீனாக இருந்தால் நல்லது. ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிப் பார்க்கலாம். ஓடி வந்து தின்றால் ஆரோக்கியம். ரவை தூவின மாதிரி புள்ளி, ஒடுக்கி வைத்த துடுப்பு, ஒட்டிய வயிறு, மேலே வந்து வாய் பிளப்பது இதில் எது இருந்தாலும் வேண்டாம். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மற்ற மீனும் வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே மீன் இருந்தால், புதிதாக வந்ததைத் தனியாக ஒரு டப்பில் இரண்டு வாரம், முடிந்தால் நாலு வாரம் வைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு பிளாஸ்டிக் டப்பும் சின்ன ஸ்பாஞ்ச் பில்டரும் போதும். பத்து மீனைக் காப்பாற்ற இது பெரிய செலவா? பைத் தண்ணீரையும் தொட்டியில் கொட்டக் கூடாது.

கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். ஜோடி விலை போர்டை எடுத்துவிட்டு, கூட்ட மீனுக்கு "ஆறு இவ்வளவு, எட்டு இவ்வளவு" என்று போர்டு வைக்கலாம். ஜோடி கேட்டு வருகிறவரிடம் "ஒரே வகையில் எட்டு எடுத்துப் போங்க சார், நிக்கும்" என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? இன்றைக்கு நாலு வகை விற்பது லாபமாகத் தெரியலாம். ஆனால் மூன்றாவது மாதம் தொட்டியை மாடியில் போட்ட ஆள் தீனி வாங்கவும் வரமாட்டார், மோட்டார் வாங்கவும் வரமாட்டார். மீன் வாழ்கிற வீடுதான் கடைக்கு நிரந்தர வாடிக்கை.

கரண்ட் போனால்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததை இந்த மாவட்டம் மறக்காது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் தென்னை, பலா எல்லாம் சாய்ந்து, நாள் கணக்கில் ஊரே இருட்டு. குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு அலைந்த நேரத்தில் மீன் தொட்டியைப் பற்றி யார் கவலைப்பட முடியும்?

ஆனால் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் போகிற கரண்டுக்கு வழி இருக்கிறது. தீனியை நிறுத்த வேண்டும். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், காற்று கலக்கும். பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் கடையில் கிடைக்கிறது. நெருக்கி அடைத்த தொட்டிதான் முதலில் போகும், எட்டு மீன் தொட்டி தாக்குப் பிடிக்கும்.

மிச்சம் நிற்கிற அந்த ஒற்றை ஏஞ்சலையும் ஒற்றை டைகரையும் என்ன செய்வது?

பல பேர் செய்வது, ஒரு வாளியில் போட்டுக்கொண்டு போய்ப் பல்லவன் குளத்திலோ புதுக்குளத்திலோ விட்டுவிடுவது. புண்ணியம் என்று நினைப்பு. கண்ணாடி துடைக்கும் என்று வாங்கிய சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் அதற்கும் அதே கதி. குளத்தில் விட்ட சக்கர் சாகாது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வலை போடுகிறவர்கள் கையில் முள்ளும் ஓடுமாக அது சிக்கி, வலையைக் கிழிக்கிறது. ஊர்க் கெண்டைக்கும் அயிரைக்கும் போட்டியாக நிற்கிறது.

வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம். காசு வேண்டாம் என்றால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கிற ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார், அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். குளத்துக்கு மட்டும் வாளியைத் தூக்க வேண்டாம்.