பிஎஸ்4-ஆ, பிஎஸ்5-ஆ, எக்ஸ்பாக்ஸா? ஃபுட்பால் கேம் வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

2006-ல் வந்த 'கிரிக்கெட் 07' விளையாடிய தலைமுறைக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அந்த கேம் வந்ததே பிசிக்கும் பிஎஸ்2-க்கும்தான். இருப்பதில் விளையாடினார்கள், அவ்வளவுதான். இன்று 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' மாதிரி ஒரு ஃபுட்பால் கேம் பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், பிசி என்று ஒரே நாளில் வருகிறது. சென்னையோ, செஞ்சி பக்கத்து வல்லமோ, பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுக்கு வாங்குறது?" தப்பாக வாங்கினால் ஒரு குடும்பத்தின் ஒன்றிரண்டு மாதச் சம்பளம் அலமாரியில் தூங்கும்.

பெயரில் ஒரு எச்சரிக்கை. ஈஏ நிறுவனத்துக்கும் ஃபிஃபாவுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. 'ஃபிஃபா 23'தான் அந்த வரிசையில் கடைசி. 2023 செப்டம்பரில் அது 'எஃப்சி 24' ஆனது. 'ஃபிஃபா' என்று போட்ட டிஸ்க்கைப் புதுசு என்று யாராவது கொடுத்தால் ஏமாற வேண்டாம்.

1. யாரோடு விளையாடப் போகிறீர்கள்?

முக்கியமான கேள்வி இதுதான். ஆன்லைனில் வெவ்வேறு கன்சோல்காரர்கள் மோதும் வசதி 'ஃபிஃபா 23'-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஒரு பக்கம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னொரு பக்கம். நண்பர்கள் எல்லாரும் பிஎஸ்4 வைத்திருக்க, நீங்கள் மட்டும் பிஎஸ்5 பதிப்பு வாங்கினால் அவர்களோடு ஆட முடியாது. ஸ்விட்ச் இரண்டு பக்கமும் சேராது.

2. பழைய கன்சோலில் வருவது அதே கேம்தானா?

பெயர் ஒன்று, சரக்கு வேறு. 'எஃப்சி 24'-ல் நிஜ ஆட்டங்களிலிருந்து வீரர்களின் அசைவைப் பிடித்துத் தரும் ஹைப்பர்மோஷன் வி தொழில்நுட்பம் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஆகியவற்றுக்கு மட்டுமே. பிஎஸ்4-ல் அது கிடையாது. பிசிக்காரர்களுக்கே 'ஃபிஃபா 22' வரை பழைய கன்சோல்களின் பதிப்புதான் கொடுத்தார்கள். அட்டையில் இருக்கும் படத்தை நம்பாமல், உங்கள் கன்சோலில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. டிஸ்க்கா, டவுன்லோடா?

சிற்றூர்களுக்கு இதுதான் பெரிய கணக்கு. பிஎஸ்5-ல் 'எஃப்சி 24' சுமார் 40 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கை மட்டும் நம்பினால் இறக்கி முடிக்க 27 நாள் ஆகும். பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் டிஸ்க் போடும் கன்சோல்தான் சரி. அப்டேட்டுக்கு மட்டும் நெட் போதும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் டிஸ்க் போடவே முடியாது. 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் ரூ.49,990, டிஜிட்டல் மாடல் ரூ.39,990. பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். ரூ.4,000-க்கு வாங்கிய டிஸ்க்கை ஆடி முடித்துப் பாதி விலைக்குத் தள்ளினாலும், ஐந்து டிஸ்க்கில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். டவுன்லோடு செய்த கேமை விற்க முடியாது. வருஷா வருஷம் புதுசு வரும் ஸ்போர்ட்ஸ் கேமுக்கு இது சின்ன விஷயமில்லை.

4. மாதச் செலவு எவ்வளவு?

காசு கொடுத்து வாங்கிய கேமையும் ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் தனிச் சந்தா கட்ட வேண்டும். பிசியில் அது இல்லை. ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஆட சந்தாவும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஆனால் பெட்டியில் பொதுவாக ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இரண்டாவதன் விலையையும் பட்ஜெட்டில் இப்போதே சேருங்கள்.

அப்போ எது?

நண்பர்கள் கூட்டம் பிஎஸ்4-ல் இருந்தால் அதிலேயே இருங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு டிஸ்க் போடும் பிஎஸ்5 நம் பரிந்துரை. பெரும்பாலான பிஎஸ்4 டிஸ்க்குகளும் அதில் ஓடும். நல்ல பிராட்பேண்ட் இருந்து, கையில் காசு குறைவு என்றால் சீரிஸ் எஸ். ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. வாரண்டி, சர்வீஸ் சிக்கலை யோசித்து இறங்குங்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? 2021 முதல் கொனாமியின் 'ஈஃபுட்பால்' இலவசம். இருக்கிற கன்சோலிலோ பிசியிலோ ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். ஆசை அப்போதும் குறையவில்லை என்றால் கடைக்குப் போகலாம்.