கடனாளியா, பங்காளியா?

‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பொருளையும் குறிக்கும். பொருளின்றித் தொடக்கமில்லை என்னும் உண்மையை ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர் நம் முன்னோர். ஆயினும், பட்டம் பெற்றுக் கல்லூரி வாயிலைக் கடக்கும் நம் மாணவ மாணவியரிடம் கல்வி உண்டு, உழைக்கும் உரம் உண்டு, முதல்தான் இல்லை. வங்கியோ ஈடு கேட்கிறது. ஈடு காட்டவல்லார்க்கும் வட்டி குறுக்கே நிற்கிறது. வட்டியை விலக்கி வாழ விழையும் குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வாயில் அடைபட்டதேயாகும். எஞ்சுவது வளைகுடா நாட்டுக்கான விமானச் சீட்டு ஒன்றே.

இந்நிலையில், அரசே துணிகர முதலீட்டாளராக முன்வருதல் வட்டார வளர்ச்சிக்கு உகந்த வழி என்பது நம் கருத்து. துணிகர முதல் கடனன்று, பங்கு. தொழில் செழித்தால் முதலிட்டவரும் செழிப்பர்; நொடித்தால் இழப்பையும் ஏற்பர். இது நமக்குப் புதிதன்று. நபித்துவத்திற்கு முன், கதீஜா அம்மையார் (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு ஷாம் தேசத்திற்கு வணிகம் செய்யச் சென்றவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒருவர் பொருள், மற்றொருவர் உழைப்பு, இலாபத்தில் இருவர்க்கும் பங்கு என்னும் ‘முளாரபா’ முறையைப் பிற்கால ஃபிக்ஹு நூல்கள் விரிவாக வகுத்துள்ளன.

அரசு பங்காளியாக இயலுமா என ஐயுறுவோர் ஓசூரைக் காண்க. 1965-இல் தோன்றிய தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய ‘டிட்கோ’, 1984-இல் டாட்டா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கியது. தொழிற்சாலை எழுந்தது சென்னையிலன்று. அன்றைய தருமபுரி மாவட்டத்தின் எல்லையூராகிய ஓசூரில். இன்றும் அந்நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு டிட்கோவிடமே உள்ளது. அதன் சந்தை மதிப்பு பல பத்தாயிரம் கோடி ரூபாய். கடனாகக் கொடுத்திருப்பின் அசலும் வட்டியும் என்றோ திரும்பியிருக்கும். உறவும் அத்துடன் முடிந்திருக்கும்.

எனினும் அது பெருங்குழுமம் துணைநின்ற தொழில். பேரும் பின்புலமும் இல்லா இளையோர்க்கு என் செய்வது? 2016-இல் நடுவணரசு சிட்பி வங்கியின் பொறுப்பில் 10,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்றை அமைத்தது. அப்பணம் தொழில்முனைவோர்க்கு நேரே செல்வதில்லை. செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு நிதியங்களுக்குச் செல்கிறது. அவை, தாம் பெற்றதைப்போல் குறைந்தது இருமடங்கைத் தொடக்கத் தொழில்களில் இடுதல் வேண்டும். தனியார் பணத்தையும் உடன் அழைத்துவரும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் பெருநகரத்தில் அமர்ந்து முதலிடுவோர் கண்ணுக்கு ஆம்பூரின் காலணிப் பட்டறையும் பத்தமடையின் பாய்த்தறியும் எளிதில் தென்படுவதில்லை.

தமிழக அரசு 10 இலட்சம் ரூபாய் விதைநிதி வழங்கத் தொடங்கிய ‘டான்சீட்’ திட்டமும், மதுரை, ஈரோடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அமைத்த வட்டார மையங்களும், 2022-23-இல் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோர்க்கென 30 கோடி ரூபாயில் தொடங்கிய நிதியும் வரவேற்கத்தக்கன. எனினும் விதை ஊன்றினால் போதுமா? நீரும் வேண்டாவா? அடுத்த படிக்கான முதலும் மாவட்டத்திலேயே கிடைத்தல் வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தைப் பணயம் வைக்கலாமா என்பார் உளர். வரவிருக்கும் ஊதியத்தை நம்பி இருப்பதைத் தொலைக்கலாகாது என வள்ளுவரும் எச்சரித்தார். ஆனால் அவ்வெச்சரிக்கையை அவர் வைத்த அதிகாரம் ‘தெரிந்து செயல்வகை’, செயலின்மை அன்று. ஆகவே, தேர்வு துறை வல்லுநர் கையில் இருத்தல் வேண்டும். அரசியல் பரிந்துரை அதனை அண்டலாகாது. தனியார் ஒருவரேனும் தம் பணத்தை உடன் இட்டாலன்றி அரசு இடலாகாது. இலாப நட்டக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். நேர்மையாய் முயன்று நொடித்தவரைக் குற்றவாளியாய்க் கருதலும் கூடாது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். கடல் கடந்து வியர்வை சிந்தி ஈட்டிய பொருள் நகையாகவும் மனையாகவும் உறங்குகிறது. அரசு ஒரு பங்கு இட்டால், நாமும் ஒரு பங்கு இட ஆயத்தமா? வட்டி வேண்டா என்று சொல்லும் நாவு, நட்டத்திலும் பங்கேற்பேன் என்று சொல்லுதல் வேண்டும். முன்னதைச் சொல்வது எளிது. பின்னதற்கே துணிவு தேவை. அத்துணிவை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!